தேரையின் உடலுக்குள் வாழும் புழுக்கள்: தெரிந்துகொள்ள வேண்டியவை

அரசனின் தலைக்குள் புகுந்த தேரையை, நீரைக் காட்டி வெளியே குதிக்க வைத்த தேரையர் சித்தரின் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஆனால், தேரையின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மழை இரவுகளில் லயத்து வாசலிலும் வீடமைப்புப் பகுதிக் கால்வாய் ஓரங்களிலும் நாம் அதிகம் காண்பது ஆசியப் பொதுத் தேரை. மலாயில் தேரையைக் 'காத்தாக் புரு' என்பார்கள். எறும்பு, கரையான், வண்டு போன்றவற்றைத் தின்று பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் உயிரினம் இது.

காட்டிலும் தோட்டத்திலும் வாழும் தேரைகளின் குடலில் உருளைப்புழு, நாடாப்புழு, தட்டைப்புழு, முள்தலைப்புழு ஆகியவை காணப்படுகின்றன. சில, இரையாகும் பூச்சிகளின் வழியே நுழைகின்றன. நுரையீரல் புழுவின் வழி வேறு. அதன் முட்டைகள் தேரையின் வாய்க்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடல் வழியாக மலத்தில் வெளியேறுகின்றன. ஈர மண்ணில் வளரும் இளம்புழுக்கள் இன்னொரு தேரையின் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன.

சில புழுக்கள் இருப்பதாலேயே தேரை நோயுற்றதாகிவிடாது. புழுக்கள் பெருகும்போதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் கரும்புத் தேரைகளை ஆராய்ந்தபோது, நுரையீரல் புழு தாக்கிய குஞ்சுத் தேரைகளின் வளர்ச்சி குன்றியது, பல மடிந்தன.

இதில் களைக்கொல்லிக்கும் பங்கு உண்டு. அட்ரசின் எனும் களைக்கொல்லி, சிறுத்தைத் தவளைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்து, தட்டைப்புழுவைச் சுமக்கும் நத்தைகளைப் பெருக்குவதாக 2008இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே, செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளிப்பவர்கள் தெளிப்பான் கலனைக் கால்வாயிலோ குட்டையிலோ கழுவக்கூடாது.

மனிதருக்குப் பரவுமா?

தேரையின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை மனித உடலில் வாழ்வதில்லை. ஆனால், தவளை இறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பதாலும், புண்ணிலோ கண்ணிலோ வைத்துக் கட்டுவதாலும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்புழு உடலுக்குள் புகலாம். அது தோலுக்கடியிலும் கண்ணிலும் நகர்ந்து பாதிப்பை உண்டாக்கும்.

தேரையை உண்ணவே கூடாது. கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பிகளின் நஞ்சு சமைத்தாலும் அழியாது, உயிரையே பறிக்கும். நாய் தேரையைக் கடித்து நுரை தள்ளினால், வாயைத் துடைத்துக் கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

தேரையைத் தொட்ட பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். தேரை மீது உப்பைக் கொட்ட வேண்டாம். ஈரத்தோலால் மூச்சுவிடும் அதற்கு அது பெரும் வதை. அதன் வழியில் அதை விட்டுவிட்டால் போதும்.