புத்தளத்து உப்பும் பாசியும்

ஈழத்தின் வடமேற்குக் கரையில் அமைந்த புத்தளத்தின் பெயர் ‘உப்புத்தளம்’ என்பதன் திரிபென்பர் சிலர். அப்பெயர் விளக்கம் ஐயத்துக்குரியதாயினும், இப்பகுதியின் வரலாற்றினின்றும் உப்பைப் பிரித்தல் இயலாது. எனினும், உப்பு யாருக்குரியது என்பதை விரித்துரைத்த வரலாற்றாசிரியர்கள், அது எவ்வாறு விளைந்தது என்பதை அத்துணை ஆராய்ந்தாரல்லர்.

கடலற்ற கண்டி இராச்சியத்திற்கு உப்பு உயிர்நாடியாயிற்று. இராச்சியத்தின் ஒரு பகுதி உப்பும் மீனும் பெற்றது புத்தளத் துறையிலிருந்தே என்பதை 1681இல் வெளியான றொபேட் நொக்சின் நூல் காட்டுகின்றது. கற்பிட்டியிற் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், கடனீரேரியின் வாயிலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கரையோரம் முழுவதையும் இழந்தான். ஆயினும் சிலாபம், புத்தளம் முதலிய இடங்களில் உப்பெடுக்கும் உரிமை அவன் குடிகளுக்கு விடப்பட்டது. ஓர் அரசின் பணிவையும் பகையையும் உப்பு தீர்மானித்தமைக்கு இது தக்க சான்றாகும்.

இத்துணை அரசியற் பெறுமதி வாய்ந்த உப்பு, பாத்தியிலே ஒரு பச்சைப் படலத்தால் கெடக்கூடியது. கடல்நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காக வற்றிய பின்னரே உப்புப் படிகமாகும். அதற்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும். எனவே நீரைப் பாத்தி பாத்தியாகச் செறிவேற்றி நடத்துதலே உப்பளத் தொழிலின் அடிப்படையாகும். கலா ஓயாவும் மீ ஓயாவும் கலக்கும் புத்தளக் கடனீரேரி ஆழங்குறைந்தது, கோடையில் அதன் உவர்ப்பு மிகும், மழையிற் குறையும். மழைநீர் கலந்து செறிவு தாழ்ந்து, நீர் அசையாது தேங்கி, ஊட்டப் பொருள்களும் சேருமாயின் பாசி பெருகும்.

பாசி யாவும் பகையன்று. தொடக்கப் பாத்திகளில் அடித்தளத்தைப் போர்த்தும் மெல்லிய பாசிப்படலம் நீர்க்கசிவைத் தடுக்கின்றது. 1838இல் தென் பிரான்சின் உப்பளங்களில் டூனால் கண்ட செந்நிற நுண்ணுயிர், பின்னர் அவர் பெயராலேயே ‘டூனாலியெல்லா’ எனப்பட்டது. நீரைச் சிவப்பாக்கும் அவ்வுயிர், வெயிலின் வெப்பத்தை நீர் ஈர்க்கத் துணை செய்கின்றது. ஆனால், பாசி மிஞ்சிப் பசைப்பொருளைச் சுரக்குமாயின் நீர் தடிக்கும், ஆவியாதல் குன்றும், விளையும் உப்பு பொடிந்து மாசுறும்.

இந்நிலையில் நஞ்சிட்டுப் பாசியைக் கொல்லுதல் தீர்வாகுமா? 1904இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மூரும் கெல்லர்மனும், நீர்த்தேக்கப் பாசியைச் செப்புச் சல்பேற்றினால் அழிக்கலாமெனக் காட்டினர். நீச்சற்குளங்களிலோ குளோரீன் பயன்படுகின்றது. அக்குளோரீனும் உப்புநீரை மின்பகுத்துப் பெறப்படுவதே என்பது நோக்கற்பாலது. உணவாகும் உப்பிற்கு இவ்வழி பொருந்தாது. மேலும், மடிந்த பாசி நீரிலேயே தங்கி மாசாகும். ஆகவே பாசி அரும்பும்போதே தடுத்தல் வேண்டும்: செறிவு குறைந்த நீரைப் படிகப் பாத்தியிற் புகவிடாமை, நீரை இடையறாது நகர்த்தல், படலம் தோன்றிய பாத்தியை வடித்து வெயிலிற் காயவிட்டுச் சுரண்டியகற்றல், தரையை மட்டமாக்கி இறுக்கியபின் செறிந்த நீரையே பாய்ச்சல் என்பன அதற்குரிய வழிகளாம். பாசியை உண்ணும் உவர்நீர்க் கூனி உப்பளங்களுக்கு இயற்கை தந்த துணையாகும்.

இவையனைத்தும் மனித உழைப்பாலும் கூர்ந்த நோக்காலும் நிகழ்வன. நீரின் நிறம் மாறுவதை முதலில் காண்பவன் பாத்தியில் நிற்கும் தொழிலாளியே. அவன் ஒரு வாரம் அயர்ந்தால் ஒரு பருவத்தின் விளைவு கெடும். உடன்படிக்கைகளிற் கையொப்பமிட்டோரின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துள்ளன. அவர்கள் பங்கிட்ட உப்பைப் பாசியிலிருந்து காத்தவர்களின் பெயர்களோ அவற்றில் இல்லை. புத்தளத்தின் வரலாறு முழுமை பெற வேண்டுமாயின், கோட்டையிலிருந்து மட்டுமன்றிப் பாத்தியின் வரம்பிலிருந்தும் அது எழுதப்படல் வேண்டும்.