மர கேக்

1985இல் கம்பெனி என்னை ஜப்பானில் உள்ள கோபே நகருக்கு ஒன்றரை வருடம் அனுப்பியது. துறைமுகத்தில் டீசல் எஞ்சின் வேலை. வேலை பழகிவிட்டது, சாப்பாடுதான் பழகவில்லை. மீன் வாசனை இல்லாத எதையாவது தேடி அலைந்த எனக்கு பேக்கரிகள்தான் அடைக்கலம். 1868இல் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம் அது. அதனால் ரொட்டியும் கேக்கும் ஊருக்குப் புதிதல்ல. மேற்கத்திய இனிப்புகளுக்கு 'யோகாஷி' என்று ஜப்பானியர் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் பிரிவின் மூத்தவர் என்னை யூஹைம் என்ற கடைக்கு அழைத்துப் போனார். நடுவில் ஓட்டையுள்ள ஒரு கேக்கை வெட்டி வைத்தார்கள். குறுக்கே பார்த்தால் அறுத்த மரத்துண்டு மாதிரி வளையம் வளையமாக இருந்தது. பெயர் பௌம்குஹன். ஜெர்மன் மொழியில் மர கேக் என்று அர்த்தம். நீளமான உருளை ஒன்றை நெருப்பின் முன் சுழற்றியபடி மாவை மேலே பூசுவார்கள். அது வெந்து சிவந்ததும் அடுத்த பூச்சு. தோசை மேல் தோசை வார்த்துச் சுருட்டிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையங்கள் ஆண்டுகளைப் போல் கூடுவதால் கல்யாண வீடுகளில் விருந்தினருக்கு இதைக் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். முட்டை எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாப்பிட்டிருக்க முடியாது!

பேச்சுவாக்கில், போன மாதம் ஹிரோஷிமா போய் அணுகுண்டு விழுந்த இடத்தில் இரும்புக்கூடாக நிற்கும் குவிமாடத்தைப் படம் எடுத்து வந்ததைச் சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இந்த கேக்கை ஜப்பான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கட்டடத்தில்தான்" என்றார். சிறுவயதில் கோபேயில் குண்டுவீச்சைப் பார்த்தவர் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மீதிக் கதையை நான் பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கார்ல் யூஹைம் என்ற ஜெர்மானியர் சீனாவின் சிங்தாவ் நகரில் கடை வைத்திருந்தார். அன்று அது ஜெர்மனியின் வசம் இருந்த ஊர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் கூட்டாளியான ஜப்பான் 1914இல் அதைப் பிடித்தது. யூஹைம் கைதியாக ஜப்பானுக்கு வந்து, கடைசியில் ஹிரோஷிமாவுக்கு எதிரே உள்ள நினோஷிமா தீவு முகாமில் இருந்தார். கைதிகள் செய்த பொருட்களை 1919 மார்ச் 4 அன்று ஹிரோஷிமாவின் பொருட்காட்சிக் கட்டடத்தில் வைத்தார்கள். யான் லெட்ஸெல் என்ற செக் கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1915இல் முடிந்த கட்டடம் அது. அங்கே யூஹைம் வைத்தது இந்த மர கேக்.

விடுதலையானதும் அவர் ஊர் திரும்பவில்லை. மனைவி எலீஸுடன் 1922இல் யோகோஹாமாவில் கடை திறந்தார். அடுத்த செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம், கடை போய்விட்டது. கோபேக்கு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த போரில் மகன் ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு 1945இல் இறந்தான். அதே வருடம் ஆகஸ்ட் 6 அன்று, அந்தப் பொருட்காட்சிக் கட்டடத்துக்கு ஏறக்குறைய நேர்மேலே குண்டு வெடித்தது. எட்டு நாள் கழித்து, 14ஆம் தேதி, கோபேயை ஒட்டிய ரோக்கோ மலையில் யூஹைம் கண்ணை மூடினார். மறுநாள் பேரரசர் வானொலியில் பேசினார், போர் முடிந்தது. ஒரே ஒரு நாள்! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

எலீஸை 1947இல் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய பணியாட்கள் ஒன்றுசேர்ந்து கடையைத் திரும்ப எழுப்பினார்கள். 1953இல் அந்த அம்மாள் கோபேக்கே வந்து கடையை நடத்தினார்.

நான் எடுத்த குவிமாடப் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. பின்பக்கம் 'ஹிரோஷிமா, 1985' என்று மட்டும் எழுதியிருந்தேன். போன வாரம் அதன் கீழே '4-3-1919, கேக்' என்று சேர்த்தேன். என் பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, இது யார் பர்த்டே?" என்று கேட்டாள்.