சாட்சிக்கு முடிவு வேணுமா?

பத்தொன்பது வயதில், ஆரணியில் ஒரு வாலிபர் கூட்டத்தில், "சாட்சி சொல்லு தம்பி" என்று என்னை எழுப்பிவிட்டார்கள். அப்பா தறியை விற்ற வருஷம் அது. ஒரு ராத்திரி ஜெபம் பண்ணினேன், பயமெல்லாம் போயிடுச்சு என்று சொன்னேன். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். ஆனால் பயம் போகலை. அன்றைக்கும் நான் தூங்கலை. கதைக்கு ஒரு முடிவு வேணுமே என்று சொல்லிவிட்டேன்.

அந்த முடிவை நான் எங்கிருந்து கற்றேன்? நம்ம பக்கத்துச் சபைகளுக்கு அது பழைய வடிவம். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஆரம்பகால நிலையங்களில் ஆரணியும் ஒன்று. மிஷன் காலத்துச் சாட்சிகளில் இருட்டு, நெருக்கடி, வெளிச்சம், சமாதானம் என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். தெற்கே, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் 1678ஆம் வருஷத்து நூலைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிக'த்தைக் காப்பியமாகவே பாடினார். யாத்திரை என்றாலே போய்ச் சேர ஓர் ஊர் உண்டு.

பாமாவின் 'கருக்கு' (1992) அப்படிப் போய்ச் சேர்வதில்லை. தலித் கிறிஸ்தவப் பெண். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கேயும் சாதியும் வசதியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெளியே வருகிறார். புத்தகம் காலவரிசையில் நடக்காது. ஒரே சம்பவத்துக்கு வேறு வேறு பக்கத்திலிருந்து திரும்பி வரும், அதுவும் பேச்சுத் தமிழில். மேற்கில் இன்று பின்நவீன ஆன்மிக நினைவுக்குறிப்பு என்று பேசப்படும் பலவற்றின் குணம் இது: துண்டு துண்டாக, சந்தேகத்தோடு, முடிவில்லாமல். ஆனால் இங்கே அது பாணியாக வரவில்லை, காயத்திலிருந்து வந்தது. தலைப்பும் பைபிளுக்கு வெளியே இல்லை. பனைமட்டையின் கருக்கைச் சொல்லும் அதே வார்த்தைதான் எபிரெயர் 4:12இல் இருபுறமும் வெட்டும் பட்டயத்துக்கும் வருகிறது. பாமாவே முன்னுரையில் அந்த வசனத்தைத் தொடுகிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்கு நிம்மதி. பொய் சொல்லாமலும் விசுவாசத்தைப் பற்றி எழுதலாம்போல! கூடவே ஒரு கோபமும் வந்தது. எல்லாம் உடைஞ்சாச்சு, சரி, அப்புறம் நான் எதைப் பிடிச்சு நிற்க? என் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தப்போ பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள், வரிசை மாறாத சாட்சி சொல்லும் அதே சபைக்காரர்கள்தான். பழைய வடிவத்தைக் கிண்டலடித்தால், அவர்களையும் சேர்த்துக் கிண்டலடிச்ச மாதிரி ஆகிடுது.

அப்புறம் பழைய சாட்சிகளையே நிதானமாகப் படித்தேன். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 1907இல் எழுதிய சாட்சியில், அன்று தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம், கிறிஸ்து அல்ல என்கிறார். அது புரிய அவருக்கு எட்டு வருஷம் ஆனது. இடையில், தன்னை வழிநடத்திய ஆங்கிலிக்கன் சகோதரிகளோடு கோட்பாடுகள் பற்றிக் கடிதம் கடிதமாக வாதாடியிருக்கிறார். அகஸ்டின் கதையும் அப்படித்தான். 'பாவ அறிக்கைகள்' நூலில் மனமாற்றம் எட்டாம் புத்தகத்திலேயே முடிந்துவிடுகிறது. பத்தாம் புத்தகத்தில் பார்த்தால், பிஷப்பான பிறகும் தன்னைவிட்டுப் போகாத ஆசைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அப்போ நேர்த்தியான முடிவு பழைய சாட்சிகளிலேயே கட்டாயம் இல்லை. மேடையில் சொல்லிச் சொல்லி அதை வழவழப்பாக்கியது நாம்தான். ஆனாலும் ரமாபாய்க்கும் பாமாவுக்கும் வித்தியாசம் இருக்கு, அதை நான் மறைக்கப் போறதில்லை. ரமாபாய் எட்டு வருஷம் கழித்தாவது சேர்ந்த இடத்திலிருந்து எழுதுகிறார். பாமா நடுவழியில் நின்று எழுதுகிறார். எனக்கு ரமாபாயின் முடிவுமேல ஆசை. ஆனா நான் நிற்பது பாமா நிற்கிற இடத்தில். இந்த இரண்டையும் ஒண்ணாக்க எனக்குத் தெரியலை.

போன மாசம் கூட்டத்தில் ஒரு தங்கச்சி சாட்சி சொல்ல எழுந்து, பாதியில் நிறுத்தி, "இன்னும் சரியாகலை" என்று உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆமென் சொல்லலை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பத்தொன்பது வயதில் நான் சொல்லாமல் விட்டதை அவள் சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. கொஞ்சம் தாமதமாக, நான் ஆமென் சொன்னேன்.