படிக வளர்ச்சி: பரப்பும் குறைகளும்

ஒரு கரைசலோ ஆவியோ படிகமாகும்போது எங்கே கருக்கொள்ளும், எவ்வளவு விரைவாக வளரும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அது தொட்டிருக்கும் பரப்பின் சொரசொரப்பும் படிகத்துக்குள் இருக்கும் குறைகளும்தான்.

வடசென்னைக்கு இது பழகிய சங்கதி. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களில் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கிய பிறகே உப்புநீரைப் பாய்ச்சுவார்கள். நீர் கசியாமலும் வாரும்போது சேறு கலக்காமலும் இருக்கவே இந்த மிதிப்பு. அடர்த்தி சுமார் 25 போமே பாகைக்கு ஏறியதும் உப்பு விழத் தொடங்கும். தரையில் கிடக்கும் மணலும், முந்தைய வாரலில் தங்கிப்போன பரலும் புதுப் பரல்களுக்குக் கருவாகும். 1806இல் எண்ணூர்வரை வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாயில், அதாவது பிற்காலப் பக்கிங்காம் கால்வாயில், புளியந்தோப்பை ஒட்டிய பேசின் பிரிட்ஜ் பக்கம் உப்புப் படகுகள் வந்தன. சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயர் அங்கிருந்த உப்புக் கிடங்குகளின் நினைவு.

படிகம் கருக்கொள்ள ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும், அயல் பரப்பு அத்தடையைக் குறைக்கும் என்ற கணக்குக்கு 1870களில் கிப்ஸ் அடித்தளமிட்டார். ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது. குறையே இல்லாத படிக முகத்தில் புதிய அடுக்கு தொடங்க மிகுந்த மிகைச்செறிவு, அதாவது சமநிலை அளவைத் தாண்டிய செறிவு, தேவை. உண்மையான படிகங்களோ ஒரு விழுக்காடு மிகைச்செறிவிலேயே வளர்கின்றன. திருகுப் பிறழ்ச்சி என்ற குறைதான் காரணம் என்று 1949இல் பிரிஸ்டலில் சார்ல்ஸ் ஃபிராங்க் விளக்கினார். அது உண்டாக்கும் படி, சுழல் படிக்கட்டைப்போல் முடிவதே இல்லை. அணுக்கள் வந்து ஒட்ட எப்போதும் ஒரு விளிம்பு காத்திருக்கும்.

அந்தப் படி படிக முகத்தில் வரையும் சுருளை 1950இல் கிரிஃபின் பெரில் கல்லில் கண்டார். 1951இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் சிலிக்கான் கார்பைடு படிகங்களின் மேல் அதைக் கண்டவர்களுள் ஒருவர் அஜித் ராம் வர்மா. பின்னாளில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரான அவர், சில சுருள்களில் ஒரு படியின் உயரம் சுமார் ஒன்றரை நானோமீட்டர், அதாவது படிகத்தின் ஒரே ஓர் அலகுக் கூட்டின் உயரம் என்று அளந்து காட்டினார். கோட்பாட்டைக் கண்ணுக்கு முன் நிறுத்திய அளவீடு அது. நம் பாடநூல்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் திருவொற்றியூரில் செய்த சாணைச் சக்கரங்களின் மூலப்பொருள்களில் ஒன்று இதே சிலிக்கான் கார்பைடு.

1982இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி. ராமசாமி தலைமையில் படிக வளர்ச்சி மையம் உருவானது. அவரும் சங்கரநாராயணனும் 2005இல் வெளியிட்ட முறையில், கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வைத்து ஒரே திசையில் வளர்க்கிறார்கள். விதையில் பிறழ்ச்சி இருந்தால் அது மேலே வளரும் படிகத்துக்கும் தொடரும் என்பதால், விதையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குக் கவலை நேர்மாறானது. சவ்வின் மேல் கால்சியம் உப்புகள் கருக்கொண்டால் நீர்வரத்து குறையும், சவ்வும் பாழாகும்.