தரங்கம்பாடியில் சீகன்பால்கு: முதல் மூன்றாண்டுகள் (1706 - 1709)

தமிழ் அச்சு வரலாற்றிலும் உரைநடை வரலாற்றிலும் பார்த்தொலோமேயு சீகன்பால்குவின் பெயர் தவறாது இடம்பெறுகின்றது. சமயப் பணியாளர் எழுதிய வரலாறுகள் அவரைத் தனியொருவராக நின்று அரும்பணி ஆற்றிய அடியாராகக் காட்டுகின்றன. ஐரோப்பியரின் குடியேற்ற ஆதிக்கத்தை ஆராய்ந்தோர் சிலர் அவரை அவ்வாதிக்கத்தின் சமயக் கரமாக மட்டுமே காண்கின்றனர். இவ்விரு நோக்குகளும் ஒரு வினாவைப் பெரும்பாலும் தவிர்த்து விடுகின்றன. இருபத்து நான்கு வயதினரான ஒருவர், மொழியோ மக்களோ அறியாத ஒரு கரையில் வந்திறங்கி, மூன்றாண்டுகளுக்குள் தமிழில் பிரசங்கம் செய்யவும் தமிழ் ஏடுகளைப் பட்டியற்படுத்தவும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கவும் எவ்வாறு இயன்றது? இதற்கு அவரது மனவுறுதியை மட்டும் விடையாகக் கூறுதல் போதாது. அவரை அங்கு நிலைகொள்ளச் செய்தவர்கள் யாவர் என்பதும், அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்பதும் ஆராயப்பட வேண்டியனவாகும்.

தரங்கம்பாடியின் பின்னணி

டேனியர் தரங்கம்பாடிக்கு வந்த வரலாறு இலங்கையோடு தொடர்புடையது. கண்டி அரசனோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் நோக்குடன் டேனியக் கடற்படைத் தலைவர் ஓவே யெடே 1620 ஆம் ஆண்டு இலங்கையை அடைந்தார். அம்முயற்சி நிலைபெறவில்லை. அதே ஆண்டின் இறுதியில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வாயிலாகத் தரங்கம்பாடி டேனியருக்குக் கிட்டியது. அங்கு டான்ஸ்போர்க் என்னும் கோட்டை எழுந்தது. சீகன்பால்கு வந்த காலத்தில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி முடிவுற்று, மராட்டிய மன்னர் சாகுஜி ஆண்டுகொண்டிருந்தார். டேனியருக்கு உரியதாயிருந்தது ஒரு துறைமுகப் பட்டினமும் அதனை அடுத்த சில ஊர்களுமே.

இப்பட்டினத்தில் டேனியர், போர்த்துக்கேய வழித்தோன்றல்கள், முஸ்லிம் வணிகர், பல்வேறு சாதித் தமிழர், ஐரோப்பியரின் வீடுகளில் அடிமைகளாயிருந்தோர் எனப் பலதிறத்தார் வாழ்ந்தனர். கரையோர வாணிகத்தின் பொதுமொழியாகப் போர்த்துக்கேயத்தின் கலப்பு வடிவம் வழங்கியது. டேனியருக்கெனச் சீயோன் ஆலயம் 1701 இல் கட்டப்பட்டிருந்தது. அங்கிருந்த குருமார் ஐரோப்பியருக்கு வழிபாடு நடத்தினரேயன்றித் தமிழரிடையே பணியாற்றவில்லை. தரங்கம்பாடியை நிருவகித்த கம்பனிக்கு அங்கு வாணிகமே குறிக்கோளாக இருந்தது.

வருகையும் வரவேற்பும்

சீகன்பால்கு 1682 இல் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலம் குன்றியவர். ஹாலே நகரில் பிராங்கே என்பாரின் தலைமையில் வளர்ந்த பக்தி இயக்கம் அவரது சிந்தனையை உருவாக்கிற்று. தனிமனித மனமாற்றம், வேதத்தைத் தாய்மொழியில் வாசித்தல், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் ஆகியன அவ்வியக்கத்தின் முதன்மைக் கூறுகளாக அமைந்தன. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களுக்கு மிஷனரிமாரை அனுப்ப விழைந்தபோது, சீகன்பால்குவும் அவரினும் சில ஆண்டுகள் மூத்தவரான புளுட்சோவும் தெரிவு செய்யப்பட்டனர். இருவரும் 1705 நவெம்பர் இறுதியில் 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலிற் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1706 யூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

மன்னரின் ஆணை அவர்கள் கையிலிருந்தது. எனினும் அவர்களை வரவேற்பார் எவருமிலர். கப்பலைவிட்டு இறங்குவதே தாமதமாயிற்று. கரையேறிய பின்னரும் கோட்டைத் தலைவர் ஹாசியுஸைக் காண நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அவர் அவர்களைக் கடுமையாகவே நடத்தினார். தங்குமிடமும் ஒழுங்கு செய்யப்படவில்லை. இதனைத் தனிமனிதரொருவரின் குணக்கேடாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. சமய மாற்றம் உள்ளூர் மக்களையும் தஞ்சை அரசையும் சினங்கொள்ளச் செய்து வாணிகத்துக்கு ஊறு விளைவிக்கும் எனக் கம்பனியார் அஞ்சினர். மிஷனரிமாரோ கம்பனிக்கன்றி நேரே மன்னருக்குக் கட்டுப்பட்டவர்கள். அதிகாரிகளின் ஒழுக்கத்தைக் குறைகூறவும் தயங்காதவர்கள். ஆகவே கோட்டையின் நலனும் மிஷனின் நலனும் ஒன்றே என்னும் கருத்து, குறைந்தபட்சம் தரங்கம்பாடியின் தொடக்க ஆண்டுகளைப் பொறுத்தவரை, ஏற்கத்தக்கதன்று.

திண்ணைப் பள்ளியும் துவிபாஷியும்

கோட்டையார் கைவிட்டதன் விளைவாகச் சீகன்பால்கு தமிழரையே நாட வேண்டியவரானார். பணிகளை முதலில் போர்த்துக்கேய மொழியிலே தொடங்குதல் எளிதாயிருந்தது. ஆயின் அம்மொழி அறிந்தோர் பட்டினத்துட் சிலரே என்பதையும் தமிழின்றி ஊர்மக்களை அணுகல் இயலாது என்பதையும் அவர் விரைவில் உணர்ந்தார். தமிழ் கற்பதற்கு இலக்கணமோ அகராதியோ அவர் கையில் இல்லை. முதியவரான தமிழாசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்துமாறு வேண்டினார். ஆசிரியர் இணங்கினார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து கற்றபோது, ஹாலேயிற் கல்வி பயின்ற அவ்விளைஞரும் அவர்களோடு நிலத்திலமர்ந்து மணலில் எழுதினார்.

ஆயின் ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைக் கற்கலாம், பொருளை யார் விளக்குவது? இவ்விடைவெளியை நிரப்பியவர் அழகப்பன் ஆவார். கம்பனியில் முன்னர் துவிபாஷியாகப் பணியாற்றிய அவர் போர்த்துக்கேயம், டேனியம், ஜேர்மன், ஒல்லாந்தம் ஆகிய மொழிகளை அறிந்தவர். வாணிகத் தேவைக்காகக் கரையோரப் பட்டினங்கள் உருவாக்கிய பன்மொழியாளர் குழுவுக்கு அவர் தக்க எடுத்துக்காட்டாவார். வாணிகம் தோற்றுவித்த அவ்வறிவு இப்போது சமயப் பணிக்கும் மொழியாய்வுக்கும் பயன்படலாயிற்று. சீகன்பால்குவின் தமிழறிவுக்கு ஒரு கால் திண்ணைப் பள்ளியிலும் மறுகால் துறைமுகத்திலும் ஊன்றியிருந்தது எனலாம்.

அவர் தம் கல்விக்கு வகுத்துக்கொண்ட நாளொழுங்கும் நோக்கத்தக்கது. காலையில் முன்னர் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீட்டல். பின்னர் நண்பகல்வரை தமிழ் ஏடுகளை வாசித்தல். அவ்வேளையில் அருகே ஒரு புலவர் இருந்து விளக்க, எழுத்தர் ஒருவர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்ளல். மாலையிலும் வாசிப்பைத் தொடர்தல். கண்களுக்கு ஓய்வளிக்கும் பொருட்டுப் பிறரை வாசிக்கச் செய்து கேட்டலும் உண்டு. இவ்வாறு சேர்த்த சொற்கள் பின்னர் பல்லாயிரம் சொற்கள் கொண்ட அகராதித் தொகுப்பாக வளர்ந்தன. செய்யுள் வழக்குச் சொற்களுக்கு வேறொரு தொகுப்பும் எழுந்தது. பேச்சு வழக்கும் செய்யுள் வழக்கும் வேறுபட்டன என்பதை அவர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டமை கவனத்திற்குரியது. செய்யுள் நடையை விரும்பிக் கற்ற அவர், பொதுமக்களுக்கு விளங்காத நடை தம் நோக்கத்துக்கு உதவாது எனக் கண்டு, எழுத்திலும் பேச்சிலும் எளிய வழக்கையே கையாண்டார். பிற்காலத்தில் வீரமாமுனிவர் தரங்கம்பாடித் தமிழைக் குறைகூறியதற்கும், அதே தமிழ் பின்வந்த கிறிஸ்தவ உரைநடைக்குத் தோற்றுவாயாகியதற்கும் இத்தெரிவே காரணமாயிற்று.

ஏடுகளும் நோக்கு மாற்றமும்

வந்திறங்கியபோது சீகன்பால்கு தமிழரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் அக்கால ஐரோப்பியரின் பொது எண்ணத்தினின்றும் வேறானதன்று. கல்வியும் ஒழுக்கமும் அற்ற மக்கள் எனவே அவர் கருதியிருந்தார். தொடக்கக் காலத்தில் ஓர் அம்மன் கோயிலருகே வைக்கப்பட்டிருந்த உருவங்கள் சிலவற்றை அவர் உடைத்தமையும் அதனை அவரே கடிதத்தில் எழுதியமையும் இம்மனநிலையைக் காட்டுவன. அப்போது அங்கிருந்த தமிழாசிரியர் ஒருவர், அவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் காவற்படையினரே எனத் திருத்திக் கூறினார். உடைத்தவருக்குத் தாம் உடைத்தது யாதென்பதே தெரிந்திருக்கவில்லை. அவ்வாசிரியரின் மறுமொழி ஆத்திரத்தின் வெளிப்பாடன்று. அறியாமைக்கு அளிக்கப்பட்ட பாடமாகும்.

இந்நிலையை மாற்றியவை ஏடுகளே. தம் எழுத்தர்களை ஊர்கள்தோறும் அனுப்பி, அறிஞர்களை இழந்த குடும்பங்களில், சிறப்பாகப் பிராமணக் கைம்பெண்களிடம், ஏடுகளை விலைக்கு வாங்கச் செய்தார். ஏடுகள் கைம்மாறியமைக்கு வறுமையும் ஒரு காரணம் என்பதை மறைத்தலாகாது. இவ்வாறு சேர்ந்தவற்றுள் 119 தமிழ் நூல்களைப் பற்றிய விவரணப் பட்டியலொன்றை 1708 இல் ஆக்கினார். திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் இடம்பெற்றன. தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியரொருவர் செய்த முதற் பெரும் பட்டியல்களுள் ஒன்றாக அது விளங்குகின்றது. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். தமிழரைக் காட்டுமிராண்டிகளெனத் தாமும் எண்ணியிருந்ததாகவும், அவர்களின் மொழியையும் நூல்களையும் கற்றபின் அவ்வெண்ணம் தவறென அறிந்ததாகவும் அவர் ஐரோப்பிய வாசகருக்கு எழுதினார்.

எனினும் இம்மாற்றத்தின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். தமிழரின் அறநூல்களைப் போற்றிய அவர், அவர்களின் வழிபாட்டைப் பொய்யெனவே இறுதிவரை கருதினார். அறிதல் அவருக்கு மாற்றுதலின் கருவியாகவே இருந்தது. ஆனால் கருவி சில வேளைகளில் அதனைக் கையாள்வோரின் நோக்கத்தையும் கடந்துவிடும். அவர் 1713 இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய நூலை ஹாலேக்கு அனுப்பியபோது, புறச்சமயத்தை ஒழிப்பதே மிஷனரியின் கடமை, அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதலன்று எனப் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். அந்நூல் 1867 இலேயே சென்னையில் அச்சேறிற்று.

விலை கொடுத்தோர்

1707 மே 12 ஆம் நாள் முதலாவது திருமுழுக்கு நடைபெற்றது. அதனைப் பெற்ற ஐவரும் டேனியரின் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 14 இல் 'புதிய எருசலேம்' என்னும் சிற்றாலயம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கான பள்ளிகளும் தொடங்கப்பட்டன; பெண்பிள்ளைகளும் அவற்றிற் கல்வி பெற்றனர். சமூகத்தின் அடித்தட்டினர் முதலில் வந்தமை தற்செயலன்று. இழப்பதற்கு அவர்களிடம் குலமதிப்போ நிலமோ இல்லை. உயர்நிலையிலிருந்து வந்தோர் இழந்தவை பல. தமிழாசிரியரின் மகனும் பாப்புனையும் ஆற்றலுடையவருமான கணபதி வாத்தியார் 1709 இல் திருமுழுக்குப் பெற்றபோது, உற்றார் உறவினரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானார்.

மிஷனரியும் துன்பத்துக்கு விலக்கானவரல்லர். வறிய கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்கு நீதி வேண்டிச் சீகன்பால்கு குரல் கொடுத்தார். ஏற்கனவே பகைமை கொண்டிருந்த ஹாசியுஸ் அதனைத் தம் அதிகாரத்துக்கு விடுத்த அறைகூவலாகக் கொண்டு, 1708 நவெம்பரில் அவரைக் கோட்டையிற் சிறைவைத்தார். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதமே சென்றிருந்தது. நான்கு மாதங்கள் அவர் தனிமையில் அடைக்கப்பட்டிருந்தார்; தொடக்கத்தில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன. அவற்றைப் பின்னர் பெற்றபோது மீண்டும் எழுதலானார். 1709 மார்ச்சில் விடுதலை பெற்றார். அவ்வாண்டு யூலையில் மன்னரின் ஆதரவோடு கிரண்ட்லர் முதலிய மூவர் வந்து சேர்ந்தபின்னரே மிஷன் உறுதியான நிலையை எய்திற்று.

கிறிஸ்தவர் ஆளும் கோட்டையில் கிறிஸ்தவக் குருவொருவர் சிறையிருந்ததைத் தரங்கம்பாடித் தமிழர் கண்டனர். ஐரோப்பியர் அனைவரும் ஒருதரத்தார் அல்லர் என்பதை அவர்களுக்கு அந்நிகழ்ச்சி எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தியிருத்தல் கூடும்.

முடிவுரை

பின்வந்த சாதனைகள் யாவரும் அறிந்தவை. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 இல் நிறைவுற்றது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், 1713 இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துக்கள் பெரியனவாய்க் காகிதத்தை விரைவில் விழுங்கியமையால் சிறிய எழுத்துக்கள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715 இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறிற்று. இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716 இல் ஹாலேயில் வெளிவந்தது. 1719 பெப்ருவரி 23 இல், முப்பத்தாறாம் வயதில், அவர் தரங்கம்பாடியிலேயே காலமானார். தமிழ் அச்சின் தொடக்கம் இவருடையதன்று. 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியிருந்தது. ஆயினும் இடையறாத அச்சுப்பணியைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்திய பெருமை தரங்கம்பாடிக்கு உரியது.

இச்சாதனைகளின் வேர் முதல் மூன்றாண்டுகளிலேயே உள்ளது. கோட்டை வாயில் அடைபட்டபோது தமிழாசிரியரின் பள்ளி திறந்தது. துவிபாஷியின் பன்மொழியறிவும், எழுத்தரின் உழைப்பும், கைம்பெண்கள் விற்ற ஏடுகளும் ஒருங்கிணைந்தே 'சீகன்பால்குவின் தமிழ்' என நாம் வழங்கும் அறிவு உருவாயிற்று. ஹாலேயில் 1714 இலும் 1717 இலும் அச்சிடப்பட்ட 99 கடிதங்களில் தமிழர் பலர் தம் சமயத்தையும் வாழ்வையும் பற்றித் தாமே பேசுகின்றனர். ஆயினும் அவற்றை எழுதியோரின் பெயர்கள் அந்நூல்களில் இடம்பெறவில்லை. மணலில் எழுதக் கற்பித்த அம்முதியவரின் பெயரையும் நமது இலக்கிய வரலாறுகள் கூறுவதில்லை. மிஷனரியைப் போற்றுவதோ தூற்றுவதோ எளிது. அவருக்குக் கற்பித்தோரை வரலாற்றில் மீள அமர்த்துதல் கடினம். தமிழியல் ஆய்வில் ஈடுபடுவோர் மேற்கொள்ள வேண்டிய பணி இக்கடினமானதேயாகும்.