கல்லில் ஏறாத பெயர்கள்

பதுளை நகரில் இருக்கும் புனித மாற்கு தேவாலயம் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர். 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பெயர், பதவி, நாள், இறந்த விதம், வயது 41 என்று எல்லாமே அங்குள்ள கல்லில் வெட்டியிருக்கிறது.

அவருக்கும் முந்தியவர் சோபியா வில்சன். 1817இல் பதுளையில் இறந்தார். அரசாங்க முகவராயிருந்த அவர் கணவரும் அதே ஆண்டு ஊவாக் கிளர்ச்சியின் தொடக்கத்தில் கொல்லப்பட்டார். சோபியாவின் கல்லறைக் கல்லை ஒரு பெருமரம் வேர்களால் வளைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் அடிமரத்துக்குள் இழுத்துக்கொண்டது.

இப்படிப்பட்ட கற்களை இலங்கை முழுவதிலும் தேடி, வாசகங்களைப் படியெடுத்து, 1913இல் பெரிய நூலாக்கினார் சிவில் சேவை அதிகாரி ஜே. பென்ரி லூயிஸ். பயனுள்ள வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கல் வைக்க வசதியிருந்தவர்களின் பட்டியல். அந்தக் காலத்திலேயே ஊவாத் தோட்டங்களில் மூன்று தலைமுறைத் தமிழர்கள் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

ரோமாபுரியை நினைத்துப் பார்க்கிறேன். 1726இல் அப்பியா நெடுஞ்சாலையோரம் நிலத்தடியில் ஒரு கூட்டுக் கல்லறை வெளிப்பட்டது. அகஸ்டஸ் சீசரின் மனைவி லிவியாவின் வீட்டு அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் அடங்கிய இடம். சுவரெங்கும் வரிசையாக மாடங்கள், அவற்றில் சாம்பல் கலயங்கள், கீழே சிறிய பளிங்குப் பலகைகள். இவள் தலைவாரியவள், இவள் துணி தைத்தவள், இவர் வைத்தியர் என்று பெயரோடு தொழிலும் வெட்டியிருந்தது. வெரோனாவில் பிறந்த வானியலறிஞர் பிரான்செஸ்கோ பியாங்கினி அவற்றைப் பதிவுசெய்து, மறு ஆண்டே நூலாக வெளியிட்டார். கட்டடம் பிறகு பெரும்பாலும் அழிந்தது. தலைவாரியவளின் பெயர் நின்றது.

பேரரசியின் அடிமைக்குக் கிடைத்த அந்தக் கையகலப் பளிங்கு, துரையின் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மண்மேடு, தலைமாட்டில் எழுத்தில்லாத கல், மிஞ்சினால் ஒரு பூச்செடி. இரண்டு மழைக்காலம் போனால் மேடும் கரைந்துவிடும். உயிரோடு இருந்தபோது அவள் பெயர் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இருந்தது, சம்பளக் கணக்குக்காக.

இது பழங்கதை மட்டுமல்ல. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. இறந்தவர் எத்தனை பேர் என்பதற்கே ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

லயத்துக் கிழவிகளிடம் இன்னும் பெயர்கள் இருக்கின்றன. எந்த மேட்டில் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன வேலை செய்தார் என்று வரிசையாகச் சொல்வார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு போய் உட்கார்ந்தால், லூயிஸ் விட்ட இடத்திலிருந்து இந்த வருடமே தொடங்கலாம்.