கொடியும் வேட்டும்

1782 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் திருகோணமலைக் கோட்டைகளை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். கப்பல்துறையைக் காக்க விரைந்து வந்தும் காலந்தாழ்ந்துவிட்ட ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ், கோட்டையின்மேல் பகைவரின் கொடி பறக்கக் கண்டு தம் பன்னிரண்டு பெருங்கப்பல்களோடு ஆழ்கடல் நோக்கித் திரும்ப, பதினான்கு கப்பல்களோடு சுஃப்ரேன் அவரைத் தொடர்ந்தார். செப்டெம்பர் 3 ஆம் திகதி நிகழ்ந்த அந்த யுத்தத்தைச் சரித்திரகாரர் வீரத்தின் கதையாகவே பெரும்பாலும் வர்ணிப்பர். என் அபிப்பிராயத்தில் அது முதன்மையாக ஒரு சமிக்ஞையின் கதை.

கைத்துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரம்வரை பகைவரை நெருங்குமாறு சுஃப்ரேன் கொடியேற்றிக் கட்டளையிட்டார். கப்பல்கள் தயங்கவே, அக்காலக் கடல் வழக்கப்படி, கொடியை வலியுறுத்தும் பொருட்டு ஒற்றைப் பீரங்கி வேட்டுத் தீர்க்கச் செய்தார். அவ்வேட்டு தனிச் செய்தியன்று; ஏற்றியிருந்த கொடியோடு சேர்த்துக் கொள்ளவேண்டிய இணைப்பு மாத்திரமே. ஆயினும் அவருடைய சொந்தக் கப்பலாகிய எரோவின் பீரங்கிப் படையினரே அதனைச் சுடுவதற்கான ஆக்ஞை என்று கொண்டு ஒரு பக்கப் பீரங்கிகள் அனைத்தையும் முழக்கிவிட்டனர். மற்றக் கப்பல்களும் அதைப் பின்பற்றித் தூரத்தில் நின்றபடியே சுடத் தொடங்கின. ஒழுங்கு குலைந்த அணியில் எரோவும் அதனருகே நின்ற சிலவும் மாத்திரம் போரின் பாரத்தைத் தாங்கின. எரோவின் நடுப்பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. பின்னர் நான்கு தளபதிகள் பதவி துறந்தனர். அவர்கள்மீது சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு, எது கட்டளை, எது அதன் துணை என்று பிரித்தறிய இடந்தராத அச்சமிக்ஞை முறைக்கும் உரியது.

இக்குறையைத் தீர்க்கும் வழி இரு பத்தாண்டுகளுக்குள் பிறந்தது. ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஹோம் பொப்பம் 1800 இல் எண்களால் சொற்களைக் குறிக்கும் கோவையொன்றை வகுத்தார். கடற்படையின் கட்டளை நூலில் 16 என்பது இன்னும் நெருங்கிப் போரிடுக என்னும் ஆணை. பொப்பம் கோவையிலோ அதே 16, கியூ என்னும் ஆங்கில எழுத்து. ஆகவே, இனிவருவன சொற்கோவைக்கு உரியவை என்று அறிவிப்பதற்கென்றே ஒரு தனிக்கொடி முன்னதாக ஏற்றப்பட்டது. 1857 இல் வெளியான வணிகக் கப்பல்களின் பொதுக்கோவைக்கும் பிற்காலத்தில் சிவப்பும் வெள்ளையுமான நீண்ட கொடியொன்று அடையாளமாயிற்று. போர்க்கப்பல் அதனை ஏற்றினால், அடுத்து வரும் கொடிகளைப் பொதுக்கோவையின்படி வாசிக்க வேண்டும் என்பது பொருள்.

வெவ்வேறு கணினி அமைப்புகளிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் மென்பொருளை ஆக்குவோர் இன்று கையாளுவதும் இந்த நெறியேயாம். 1992 இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் வெளியிட்ட மைம் விதிகள், மின்னஞ்சலின் ஒவ்வொரு பகுதியும் தான் எழுத்தா, படமா, ஒலியா என்பதைத் தலைப்பிலேயே அறிவிக்கவும், ஒரே செய்தியில் பல பகுதிகளை எல்லைக்கோடிட்டு அடுக்கவும் வழிசெய்தன. பெறுவோனுக்குப் பழக்கமில்லாத வகை வந்தால் அதன் பொருளை ஊகித்துச் செயற்படலாகாது. வெறும் பைட்டுகளின் தொகுதியாகக் கருதி, வேண்டுமாயின் ஒரு கோப்பில் சேமித்து வைக்கலாம் என்பதும் அவ்விதிகளின் வழிவந்த ஏற்பாடு.